ஹார்மோன் பேட்ச் போட்ட சத்தம்

என் குட்டிக்கு,

நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், நீயும் அங்கே அப்படியே இருக்கவேண்டும். சுகம் என்பதை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை, மெய்யாகவே எழுதுகிறேன். மீதியைப் படிக்கும்போது பயம் வந்தால் மேலே வந்து இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ அழ ஆரம்பிப்பாய், நீ அழுதால் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்வார், அப்புறம் இருவரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவீர்கள்.

போன வருஷம் நான் பட்ட பாடு உனக்குப் பாதிதான் தெரியும். மாதவிடாய் நின்றபிறகு வந்த அந்தச் சூடு கழுத்தில் தொடங்கி முகமெல்லாம் ஏறி, உடம்பை நனைத்துவிட்டுத்தான் இறங்கும். வீட்டில் எப்படியோ சமாளித்தேன், ஏசியை நான் குறைத்த குறைப்பில் அப்பாதான் கம்பளித் தொப்பியோடு தூங்கினார். வேலையில்தான் முடியவில்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற எங்கள் அறையில், மைக் திறந்திருக்கும்போது ஏசியோ மின்விசிறியோ ஓடக்கூடாது என்பது உனக்குத் தெரியும். கதவை மூடினதும் வியர்த்துக் கொட்டும், வரி கண்ணெதிரே இருக்கும், அடுத்த சொல் வாயில் வராது. ஒலிப்பதிவாளர் நல்ல மனிதர், "ஒரு டீ குடிச்சிட்டு வாங்க மேடம், பாடம் எங்கேயும் ஓடிடாது" என்பார். ஆனால் கடினமான பாடங்களை மெல்ல மெல்ல வேறொருத்திக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஹார்மோன் சிகிச்சை, தோலில் ஒட்டுகிற பேட்ச் என்று நான் பேச்செடுத்தபோது நீ, "அம்மா, அதுல கேன்சர் வருமாம், தயவுசெஞ்சு வேணாம்" என்றாய். அத்தை வேறு, "எங்களுக்கெல்லாம் நிக்கலையா? நாங்க என்ன டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுற மாதிரி ஒட்டிக்கிட்டா திரிஞ்சோம்?" என்றாள். அதனால் உங்கள் இருவருக்கும் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் குடும்பத்தில் யாருக்கு என்ன வியாதி என்று கேட்டார், இரத்த அழுத்தம் பார்த்தார், மார்பகப் பரிசோதனைக்கு அனுப்பினார். உன் பயம் முழுக்கப் பொய்யில்லை என்றுதான் சொன்னார். ஈஸ்ட்ரோஜனும் அதற்குத் துணையான இன்னொரு ஹார்மோனும் சேர்த்து வருஷக்கணக்கில் போட்டால் மார்பகப் புற்றுநோய்க்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும், மாத்திரையாக விழுங்கினால் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு, தோல் வழியாகப் போனால் அந்த ஆபத்து மிகக் குறைவு. கர்ப்பப்பை இருக்கிறவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் போடக்கூடாது, கர்ப்பப்பைக்குக் காவலாக அந்த இன்னொரு ஹார்மோனும் மாத்திரையாக வேண்டும். என் வயதுக்கும் என் உடம்புக்கும் கெடுதலைவிட நன்மைதான் அதிகம், வருஷா வருஷம் உட்கார்ந்து மறுபடி பேசுவோம் என்றார். இடுப்போரத்தில் ஒட்ட ஒரு பேட்சும், படுக்கப் போகும்முன் ஒரு மாத்திரையும் கொடுத்தார். சில வாரத்திலேயே நான் மறுபடி நானாக இருந்தேன், கடினமான பாடங்களும் திரும்பி வந்தன.

அப்போதுதான் ஒருநாள் ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "எங்கேயோ சரசரன்னு கேக்குது மேடம்" என்றார். வளையலைக் கழற்றினேன், நாற்காலியை மாற்றினார்கள், அப்படியும் நான் மூச்சு விடும்போதெல்லாம் சரசரத்தது. இடுப்பில் மடங்கி விரிகிற பேட்ச்தான் அது என்று எனக்குப் புரிந்தது, அவரிடம் எப்படிச் சொல்வது? அன்றிலிருந்து பதிவுக்கு முன் கழிப்பறையில் போய் அதை உரித்து என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒட்டிவைப்பேன், வேலை முடிந்ததும் எடுத்து மறுபடி ஒட்டிக்கொள்வேன். கொஞ்ச நேரம்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

போன மாதம் திடீரென்று உதிரம் பட்டது. அப்படி ஏதாவது என்றால் உடனே வரவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் ஓடினேன். ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பையிலிருந்து கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்கு ஒரே நினைப்புதான் குட்டி, கேன்சராக இருக்குமோ என்ற பயத்தைவிட அதுதான் அதிகமாக வலித்தது. கொஞ்ச நாள் நன்றாக இருந்தேன் அல்லவா, அதற்குத்தான் இந்தத் தண்டனை என்று. மற்ற பெண்கள் பொறுத்துக்கொண்டதை நான் ஏன் பொறுக்கவில்லை என்று. அப்பாவிடம்கூட இந்த நினைப்பைச் சொல்லவில்லை. அத்தையிடம் அவர் சோதனை விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்கிறார், அவள் வந்து ஒரு வார்த்தை கேலி பேசாமல் துணி மடித்துவைத்துவிட்டுப் போனாள், அதில்தான் எனக்கு இன்னும் பயம் வந்தது.

நேற்று முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, அதன் சாயல்கூட இல்லை. டாக்டரம்மா, "பேட்ச் ஒழுங்காதானே போடுறீங்க?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "மைக்குக்காகவா கழட்டினீங்க? காலைல இருக்கு, மத்தியானம் இல்ல, சாயங்காலம் மறுபடி இருக்குன்னா உடம்பு என்னதான்மா பண்ணும்? அதுலயே உதிரம் பட்டிருக்கலாம்" என்றார். இனி பேட்ச் வேண்டாம், தினம் தோலில் தடவுகிற ஜெல் போதும், மாத்திரையை மட்டும் விடக்கூடாது, மறுபடி உதிரம் பட்டால் அன்றே வரவேண்டும் என்று அனுப்பிவைத்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்று காலை அத்தை போன் செய்து அந்த டாக்டரம்மா எத்தனை மணிவரை இருப்பார் என்று கேட்டாள், சும்மாதான் கேட்டாளாம். நீ அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

சிகிச்சையைத் தொடரப்போகிறேன், இது நான் யோசித்து எடுத்த முடிவு. நன்றாக இருப்பதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்கவேண்டியதில்லை என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது, உனக்குச் சீக்கிரமே தெரியட்டும்.

வேலையும் உடம்பும் உனக்குக் குறைவில்லாமல் அமையட்டும், எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, உனக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் எல்லாம் முடிந்தபிறகு எனக்கு எழுதாதே, அன்றைக்கே கூப்பிட்டுச் சொல். நான் செய்ததற்கு இதைச் சொல்ல எனக்கு வாயில்லைதான், ஆனாலும் சொல்வேன்.

உன்
அம்மா