ஒரு தடவை கேட்டால் வராத அப்பா

அன்பு மகளுக்கு, அப்பா ஆசியோடு எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அம்மா என்னோடு பேசுவதில்லை என்பது ஒன்றுதான் குறை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் வாண்டும் சுகம்தானே. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணி, "பிரசவத்துக்கு ரெண்டு பேரும் வந்து ஒரு ஆறு மாசம் எங்களோட இருக்கீங்களாப்பா" என்று கேட்டாய். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். "எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம், நாங்க இங்கயே இருந்துக்கறோம்" என்றேன். நீயும் "சரிப்பா, உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டாய். நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நீ மறுபடி கூப்பிடுவாய் என்று. அரைமணி நேரம் பார்த்துவிட்டு அம்மா, "அவ இன்னொரு தடவை கேப்பான்னு உக்காந்திருக்கீங்களா? அவ நம்ம ஊர்ல இல்ல, இந்த நாட்டுல வளர்ந்தவ. பிரசவத்துக்குப் பயந்துபோய்க் கேட்ட பொண்ணுகிட்ட போயி மரியாதை காட்டுறாராம் மரியாதை" என்றாள். அதுதான் அவள் கடைசியாகப் பேசியது, நாலு நாள் ஆகிறது. இப்போது தட்டு மேஜையில் விழும் சத்தத்தை வைத்துத்தான் சாப்பாடு தயார் என்று தெரிந்துகொள்கிறேன்.

என்னை என்ன செய்யச் சொல்கிறாய், வளர்ந்த லட்சணம் அப்படி. யார் எதை நீட்டினாலும் முதல் தடவை வேண்டாம், இரண்டாம் தடவை ஐயோ பரவாயில்லை, மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுத்தால்தான் உட்காரலாம், முதலிலேயே உட்கார்ந்தால் காணாததைக் கண்டவன் என்று பேர். இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரம் முதலாளி வீட்டுக்கு ஏதோ காகிதத்தில் கையெழுத்து வாங்கப் போனேன், சாப்பிடுகிறாயா என்று கேட்டார், காலையிலிருந்து பட்டினியாக இருந்தவன் வயிறு நிறைந்திருக்கிறது என்றேன், பாவி மனுஷன் நம்பிவிட்டார். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிர்ச் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எத்தனை வாத்து என்று இன்றைக்கும் சொல்வேன், பதினொன்று.

பட்டும் புத்தி வந்ததா? ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் பதினாறு வருஷம் படுக்கை விரிப்பு மடித்த எனக்குப் போன மாதம் ஷிஃப்ட் பொறுப்பைக் கொடுக்கிறேன் என்றார் பெரிய மேலாளர். "எனக்கெதுக்கு சார், வேற நல்ல ஆளாப் பாத்துக் குடுங்க" என்றேன். அவரும் நன்றி சொல்லிவிட்டு நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார். அவன் நான் வேலை பழக்கிய பையன், கேள்வி முடிவதற்குள் சரி என்றானாம். நேற்று அவன் வந்து எனக்கு விரிப்பின் நாலு மூலையையும் எப்படிச் சேர்ப்பது என்று சொல்லிக் கொடுத்தான், நானும் தலையை ஆட்டிக் கற்றுக்கொண்டேன். இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை.

உன்னையும் கெடுக்கத்தான் பார்த்தேன். உனக்கு ஏழு வயசில் மாடி வீட்டு அம்மா கேக் நீட்டினபோது பின்னாலிருந்து கிள்ளினேன், நீயும் வேண்டாம் என்றாய், தட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டது. "அவங்க திரும்பக் கேக்கவே இல்லையேப்பா" என்று வீடு வந்து நீ அழுத அழுகை இருக்கிறதே. அன்றோடு நீ தெளிந்துவிட்டாய், வேணும் என்றால் வேணும், வேண்டாம் என்றால் வேண்டாம். யாரிடமும் அதைப் பெருமையாகத்தான் சொல்வேன். நான் சொல்லும் 'வேண்டாம்' என்பதையும் நீ அப்படியே எடுத்துக்கொள்வாய் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை, உன் மேல் தப்பே இல்லை.

போனில் சொன்னால் என் வாய் பழக்கதோஷத்தில் மறுபடியும் வேண்டாம் என்றுவிடும், அதனால்தான் கடிதம். எனக்கு வர ஆசையாக இருக்கிறது மகளே. உன் பக்கத்தில் இருக்க வேண்டும், பிள்ளையைத் தூக்க வேண்டும். அறுபத்து மூன்று வயசில் எனக்கு இது வேண்டும் என்று நான் எழுதும் முதல் வரி இது. இதற்குள் வேறு ஏற்பாடு செய்திருந்தால் கூசாமல் சொல்லு, வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் சொல்லு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், சுகப்பிரசவம் ஆகட்டும். மாத்திரையை மறக்காதே, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. நான் இந்தப் பக்கம் எழுதும்போதே அம்மா அந்த அறையில் பயணப் பெட்டியைத் தூசி தட்டுகிறாள், அவளுக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்ற கவலையே இல்லை. எனக்கு இருக்கிறது. நீ வர வேண்டாம் என்று எழுதினால் உன்னைப் போல ஒரே தடவையில் விட்டுவிட மாட்டேன், இன்னும் இரண்டு தடவை கேட்பேன்.

இப்படிக்கு,
வர விரும்பும் உன் அப்பா