இரட்டைச் சைக்கிளின் பின் சீட்டு

இன்று காலை காப்பிகூடப் போடாமல், முதல் வேலையாக, இருவர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் நம் இரட்டைச் சைக்கிளின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். தேங்காயெண்ணெய்தான், வேறு எதுவும் கைக்கு அகப்படவில்லை. துருவும் பழைய தோல் சீட்டும் எண்ணெயும் கலந்து எழுந்த வாசனையில், நீங்கள் பின்வாசலில் நின்று "டீச்சரம்மா, கிளம்பலாமா?" என்று கேட்பது போலிருந்தது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. ஆனாலும் இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். எண்ணெய் விட்ட கையோடு அதில் ஏறி ஓட்டினேன். தனியாக! ரெங்கம் ஸ்டேஷன் வரை போய்த் திரும்பினேன்!

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி கூலாயிலிருந்து வருகிறார், சைக்கிளை எடுத்துப் போக. "நடுவுல அறுத்து ஒட்டிட்டா ஒருத்தர் ஓட்டுற சைக்கிள் ஆயிடும், அண்ணி. சும்மா நின்னு துருப்பிடிக்குதுலா" என்றார் போன தடவை. நானும் தலையாட்டிவிட்டேன். அறுப்பதற்கு முன் ஒரு தரம் என்றுதான் இன்று ஏறினேன்.

சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து நீங்கள் அதை வாங்கி உருட்டிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? புருஷனை இழந்து அப்போதுதான் நம்மோடு தங்க வந்திருந்த உங்கள் தங்கை, வந்த நாளிலிருந்து சிரிக்காதவள், அன்றைக்குத்தான் வாய் திறந்தாள். "அண்ணி, வந்து பாருங்க! எங்கண்ணன் ஏணிக்குச் சக்கரம் மாட்டிக்கிட்டு வந்திருக்கு!" ஏணி என்றாலும் எனக்கு வசதியான ஏணி. இரண்டு சீட்டுக்கும் முன்னால் குறுக்குக் குழாய் தாழ வளைந்திருந்ததால் புடவையோடு ஏறலாம்.

முன்னால் நீங்கள், பின்னால் நான். ரப்பர் தோட்டத்துப் பால்மரக் காட்டுக்கு நடுவே செம்மண் சாலையில் போவோம். ஒவ்வொரு கல்லும் என் முதுகெலும்பில் ஏறும். "ஏங்க, மெதுவா" என்பேன். நீங்கள் திரும்பிப் பாராமலே, "என்னம்மா இப்படி முனகுற? ரோடு நல்லாத்தானே இருக்கு?" என்பீர்கள். உண்மையில் வியந்துதான் கேட்பீர்கள். கேலி இல்லை. அதனால்தான் நானும் நம்பினேன். சாலையில் குறையில்லை, என் உடம்புதான் வலுவில்லாதது என்று ஒரு வருஷம் போல எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மரக்கட்டைமேல் பலகையைப் போட்டு ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்தவர்கள் ஆகாயத்துக்கும் தரைக்குமாகப் போய்வந்தார்கள். நடுவில் நின்ற சின்னப் பெண்ணோ அசையவே இல்லை. எனக்கு நம் சைக்கிள் ஞாபகம் வந்தது. அன்று வீட்டுக்கு ஏறக்குறைய ஓடித்தான் வந்தேன். சைக்கிளின் முன் குனிந்து பார்த்தால், உங்கள் சீட்டு இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது. என் சீட்டோ பின்சக்கரத்தின் அச்சுக்கு நேர் மேலே! கல்லில் எந்தச் சக்கரம் ஏறினாலும் நடுவில் இருப்பவருக்குப் பாதிக் குலுக்கல்தான். பின்சக்கரம் ஏறும்போது பின்னால் இருப்பவருக்கு முழுசும்.

"காலேஜ் படிச்ச பொம்பளயக் கட்டுனா சைக்கிளுக்கும் கணக்குப் போடுவா" என்று சிரித்தீர்கள்.

"கணக்கு வேணாம். இடம் மாறி உட்காருங்க."

மாறினோம். வாசலைத் தாண்டிய முதல் பள்ளத்திலேயே "அலமாக், ஐயோ!" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் உங்கள் தங்கை வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ரோடு நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

அதற்குப் பிறகு நீங்கள் முன் சீட்டைக் கேட்கவே இல்லை. நான் அதைத் திருப்பப் பழகியதும் ஒரு கூத்துதான். முன் ஃபோர்க் நன்றாகச் சாய்ந்த வண்டி. சரளையில் ஏறினாலும் ஹேண்டில் துள்ளாது. நேர்ச்சாலையில் ரயில் மாதிரி போகும். வளைவில்தான் அதன் நீளம் பிடிவாதம் பிடிக்கும். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்பக்கமாக வெட்டும். சீனன் கடை முனையில் நான் அழகாகத் திரும்பிவிட்டேன் என்று பூரித்த அந்தக் கணத்தில், பின்சக்கரம் உங்களோடு கால்வாய்க்குள் இறங்கியது. "முன்னால போனவங்க கரை சேந்துட்டாங்க" என்றீர்கள், முழங்கால்வரை சேற்றோடு. வளைவுக்கு முன்னால் வெளிப்பக்கம் அகலமாகப் போய்விட்டுத் திரும்ப வேண்டும் என்று அன்று கற்றேன். அதன் பிறகு எத்தனை வருஷங்கள்! ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னாலிருந்து உங்கள் குரல் வரும். "ரோடு நல்லாத்தான் இருக்கு!"

இன்று அந்தக் குரல் இல்லை. பாரமில்லாத பின்சக்கரம் காலித் தகரம் போல் தடதடவென்று குதித்துக்கொண்டே வந்தது. ஆனால் ஹேண்டில் என் சொல் கேட்டது. சீனன் கடை முனையில் அகலமாக எடுத்துச் சுத்தமாகத் திரும்பினேன். வாய்விட்டுச் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

திரும்பி வந்தபோது உங்கள் தங்கை வாசலில் நின்றாள். கோயிலைத் தவிர வேறெங்கும் போகாதவள். ஏணி என்று கேலி செய்யவில்லை. கிட்டே வந்து ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணி, திருப்பறது ரொம்பக் கஷ்டமா?"

"வளைவுல மட்டும் கொஞ்சம் அகலமா எடுக்கணும்."

"சும்மாதான் கேட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள். சும்மா கேட்கிறவள் பெல்லில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பாளா?

அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவளிடம்கூட இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பி சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு கூலாய்க்கு ரயிலேறுவார். கோபித்துக்கொள்வார், கொள்ளட்டும். அவர் போனதும் சைக்கிளை வெளியே எடுப்பேன். முன் சீட்டில் உங்கள் தங்கை. பின் அச்சுக்கு நேர் மேலே நான். முதல் பள்ளத்தில் நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.