கோப்பி லயத்துக் கீரைப் பாத்திகள்

ஆடி 3, செவ்வாய்

விடியத் தொடங்கிய மழை. மஹய்யாவ ஒழுங்கை முழுக்கச் சேறு. கெலிஓயா வரை மாட்டு வண்டி, பிறகு நோயாளிகளைப் பார்க்கக் கோப்பித் தோட்டத்துக்கு நடை. குடை முறிந்தது.

கூலிகளின் வரிசை வீடான லயத்தின் பின்பக்கம், நான் பெண்களைக் கெஞ்சிப் போடவைத்த பாத்திகள் நல்ல பச்சை. பொன்னாங்கண்ணி, முளைக்கீரை, வேலியில் பூசணி. ஆனால் பறித்தது மாடனின் பெண்சாதி மட்டும். மற்ற அடுப்புகளில் அதே புழுத்த அரிசிச் சோறு, மிளகாய், கருவாட்டுத் துண்டு.

காத்தாயியின் மகள் செல்லி, ஐந்து வயது. அந்தி பட்டால் சுவரில் முட்டுகிறாள். கண் இரண்டும் காய்ந்து மங்கல், இடது மோசம். இதற்குக் கேட்ட மீன் எண்ணெய் கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை.

"கீரையும் பூசணியும் தேங்காய்ப்பால் விட்டு ஒவ்வொரு நாளும் குடு. இல்லாட்டி கண் போயிடும், விளங்குதா?"

"மழக்காலத்துல கீர ஆகாதுங்கய்யா. சளி கட்டும்."

"கட்டாது. நான் சொல்லுறன்."

காத்தாயி தலையாட்டினாள். செய்யமாட்டாள்.

ஆடி 5, வியாழன்

லயத்தில் வயிற்றுக்கடுப்பு. ரத்தம், சளி. மேல் லயத்துக் கழிவெல்லாம் ஓடையில். தண்ணீரைக் காய்ச்சச் சொன்னால், விறகு நனைந்து போச்சாம்.

மாடனின் பெண்சாதி பின்னேரம் செத்துப்போனாள். கீரை சமைத்த ஒரே ஒருத்தி.

ஆடி 7, சனி

பாத்திகள் இல்லை. எல்லாம் வேரோடு பிடுங்கிக் கிடக்கு.

கங்காணி: "ஒங்க கீரதான் அந்தப் பொம்பளைய தின்னுச்சு. ஆளுக படுத்துட்டா தொரைக்கு யாரு பதில் சொல்றது?"

கிடந்த கீரையை அள்ளி, எல்லாருக்கும் முன்னால் வாயில் போட்டு மென்றேன். சேற்றோடு. பைத்தியக்காரன் மாதிரி. யாரோ சிரித்தார்கள். மாடன் சிரிக்கவில்லை.

"நீங்க டாக்குத்தரு. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

காத்தாயி கதவைத் திறக்கவில்லை. உள்ளே பிள்ளையின் இருமல்.

வழி நெடுக ஒரே யோசனை. மாடனின் பெண்சாதி கீரையை ஓடைத் தண்ணீரில்தான் கழுவியிருப்பாள். அவித்தால் ஒன்றுமில்லை. அவித்தாளா?

ஆடி 10, செவ்வாய்

காலையில் எங்கள் வீட்டு வாசலில் காத்தாயி. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறாள். இடக்கண் வெள்ளை. போய்விட்டது.

"எல்லாரும் வேணாம்னாங்கய்யா. பயந்துட்டேன். லீவு இல்லாம வந்ததுக்குக் கங்காணி கூலிக் கணக்குல பேர வெட்டிருவான். வெட்டட்டும்."

ஏச நினைத்தேன். ஆனால் பிள்ளையை இறக்கி வலக்கண்ணை விரித்துப் பார்த்தேன்.

"மற்றக் கண்?" என்றாள் என் மனைவி.

"தெரியாது."

அவள் முருங்கை இலை உருவப் போனாள், மழைக்குள்ளேயே.

பூசணி. தேங்காய். பழுத்த பப்பாசி. தாயும் பிள்ளையும் இங்கேயே இருக்கட்டும். மீன் எண்ணெய்க்குக் கொழும்புக்குத் திரும்ப எழுத வேணும்.

ஆடி 16, திங்கள்

செல்லிக்குப் பகலில் பரவாயில்லை. அந்தியில் இன்னும் சுவரைத் தடவுகிறாள். கீரையை ஊட்ட ஊட்டத் துப்புகிறாள்.

துரையிடம் போனேன். லயத்தில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு இதே கண், மாடனின் மகனும் ஒருவன். பாத்தி போட விடுங்கள் என்று கும்பிட்டே கேட்டேன். நோய் பிடித்த கோப்பி இலை ஒன்றை நீட்டினார். அடியில் மஞ்சள் பொட்டுகள், தொட்டால் விரலில் தூள்.

"இதுக்கு மருந்து தெரியுமா?"

தெரியாது என்றேன். இனித் தோட்டத்துக்குள் வரவேண்டாம் என்றார்.

தபாலில் ஒன்றும் இல்லை. பல்வலி.

ஆடி 24, செவ்வாய்

வண்டிக்காரன் சொன்னான்: மாடனின் மகனுக்கு இரண்டு கண்ணும் போச்சாம். வந்த நோயாளிகளை நாளைக்கு வரச் சொன்னேன்.

அந்தி. மழை விட்டு மப்பு. விளக்கு ஏற்றவில்லை. செல்லி சோற்றுக்கு முன்னால், குனிந்து, கீரையை மட்டும் பொறுக்கிக் சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இலையாக.

"அதைத் தின்னாமல் என்ன செய்யிறாய்?" என்று ஏசத் தொடங்கிய மனைவி, பாதியில் நின்றுவிட்டாள். என் கையைப் பிடித்தாள்.

பிள்ளை தடவவில்லை. பார்த்துப் பொறுக்கியது.

காத்தாயி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "என்னடி பண்ற?"

"கசக்குதும்மா."