ஏழு விநாடிக்கு ஒரு தடவை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீ நலமா என்று எப்போதும் ஒரு பேச்சுக்கு எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், பதில் வேண்டும். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், அம்மாவும் பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் கடிதம்.

நீ சொன்னபடி ஃபைபர் போட்டாகிவிட்டது. மாடியில் இருக்கும் பாட்டுப் பெட்டியிலிருந்து ஹால் ஸ்பீக்கர் வரைக்கும் பழைய கம்பி கரண்ட் ஒயரோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் அந்த உம்மென்ற இரைச்சலுக்குக் காரணம் என்று நீ அடித்துச் சொன்னாய், நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது வருஷம் செம்புக் கம்பி சுற்றி மோட்டார் கட்டிப் பிழைத்தவனிடம் செம்பைக் குறை சொன்னால் கோபம் வராதா. ஃபைபர் போட வந்தவர் வேறு, கண்ணாடி இழையில் வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது, கரண்டோடு வரும் இரைச்சலும் வராது என்று எனக்கே பாடம் எடுத்தார். இரண்டு முனையிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. மடங்கினால் உடைந்துவிடும் என்று அவர் சொன்னதிலிருந்து அம்மா அந்தப் பக்கம் துடைப்பத்தையே கொண்டுபோவதில்லை. பாட்டுப் போட்டோம், பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. நீ சொன்னதுதான் சரி, ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் நீ வாராவாரம் பேசிப் பதிவு பண்ணி அனுப்புகிறாயே, அதில் முந்தின ஞாயிற்றுக்கிழமை அனுப்பியதைப் போட்டோம். உன் குரலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய உறுமல், ஏழு விநாடிக்கு ஒரு தடவை புஸ்ஸென்று காற்று விடும் சத்தம். உன்னிடம் போனில் பதிவில் என்னவோ இரைச்சலம்மா என்றேன், மைக் கோளாறு, சரிபண்ணிடறேன்பா என்றாய். எனக்கு ஃபைபர்காரர் மேல்தான் சந்தேகம், கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவர் பொறுமையாக வந்து கேட்டுவிட்டு, லைன் சுத்தமா இருக்கு சார், இது அவங்க பேசற ரூம்ல வர்ற சத்தம், இவ்வளவு நாளா உங்க இரைச்சல்ல அமுங்கிக் கிடந்திருக்கு என்றார். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நாலு மாதத்துக்கு முன்னால் அந்தச் சத்தம் இல்லை. அதற்கப்புறம் ஒரு வாரம்கூடத் தப்பவில்லை.

எனக்கு மோட்டார் சத்தம் தெரியாதா. உன் அத்தை கடைசி ஐந்து மாதம் மூக்கில் குழாயோடு படுத்திருந்தாளே, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆக்சிஜன் மெஷினின் ஃபேனை நான்தான் இரண்டு தடவை கழற்றி மாட்டினேன். அதுவும் ஏழு விநாடிக்கு ஒரு தடவைதான் புஸ்ஸென்று விடும்.

நான் இரைச்சல் என்று சொன்னதற்கு அப்புறம் வந்த போன ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் மட்டும் சத்தம் இல்லை. சந்தோஷப்படத்தான் பார்த்தேன். இருபது நிமிஷம் பேசுகிறவள் நாலாவது நிமிஷத்தில் வேலை இருக்கு என்று முடித்துவிட்டாய். அந்த நாலு நிமிஷத்திலும், நிறுத்த வேண்டிய அவசியமே இல்லாத இடங்களில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாய். ஆபீஸ்ல ரொம்ப அலையறா போல என்றாள் அம்மா. நானும் ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன், அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. என் ஒரு வார்த்தைக்காக நீ அந்த மெஷினை நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைத்து என்ன பயன். எந்த டாக்டர், என்ன சொன்னார், எத்தனை நாளாக, எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுது. நான் புறப்பட்டு வரத் தயார், பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன், எதற்கு என்று அம்மா கேட்கிறாள்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இனிமேல் பேசும்போது அந்த மெஷினை நிறுத்தாதே. எங்களுக்கு இரைச்சலோடேயே கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா