நான்கு மடிப்புத் துணி

23-7-1989, ஞாயிறு
புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு காலண்டர் தேதியைச் சகாயமேரி தானே படித்தாள். அவளுடைய கண் ஆபரேஷனுக்கு முன் மாதாவிடம் நேர்ந்துகொண்டவன் நான். மனைவிக்குப் பார்வை திரும்பினால், ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குச் சேக்காட்டிலிருந்து பெசன்ட் நகர் கோயிலுக்குச் சைக்கிளிலேயே வருகிறேன் என்று. முட்டி அவ்வளவு தூரம் நடக்க விடாது. சைக்கிள் என்றால் எளிது என்று நினைத்தேன்.

30-7
ஒத்திகைக்கு அம்பத்தூர் வரை போனேன். திரும்பும்போது பாதி வழி தள்ளிக்கொண்டு வந்தேன். மிதித்ததில் முட்டிக்கு ஒன்றும் இல்லை. உட்காரும் இடம்தான் - இதை எப்படி எழுதுவது? வகுப்பில் நான் பிள்ளைகளை நிற்கவைத்ததுபோல் என்னைப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னால் இன்று சந்தோஷமாக நிற்பேன்.

2-8
சீட்டுக்குத் தடிமனாக ஸ்பாஞ்சு உறை போட்டேன். சோபா மாதிரி இருக்கிறது.

4-8
சோபாவும் இல்லை, ஒன்றும் இல்லை. முன்னைவிட மோசம். சைக்கிள் கடை சுலைமான் சிரித்துவிட்டார். "இன்னா சார், மெத்த போட்டா எலும்பு உள்ள பூந்துக்கும். சீட்டு மூக்கு வேற மேல தூக்கிகினு கீது." உறையைக் கழற்றி, சீட்டைச் சமமாக்கி, இரண்டு விரல் அளவு உயர்த்தினார். சேற்றில் நடப்பவனுக்குப் பலகை போட்ட மாதிரி. கெட்டியானதுதான் தாங்குகிறது.

13-8
பாடி வரை போய் வந்தேன். எலும்பு வலி போயிற்று. ஆனால் தோல் உரசிப் புண். சகாயமேரி என் டிராயரை உள்பக்கம் திருப்பி ஜன்னலடியில் பார்த்தாள். "ஏங்க, நாலு தையலும் ஒரே எடத்துல முட்டுது. அதுமேல ஒக்காந்துகினு மாதாவ ஏன் கூப்புடுறீங்க?"
தையலைப் பிரித்துத் தள்ளிப் போட்டு, பழைய பனியன் துணியை நான்காக மடித்து உள்ளே வைத்துத் தைக்கிறாளாம். ஊசியை என்னிடம் நீட்டினாள். இரண்டு வருடமாக நூல் கோத்துக் கொடுப்பது நான். என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள். ஐந்தாவது தடவை நூல் உள்ளே போனது.

20-8
தன் சைக்கிளில் கூட வருவதாகச் சொல்லியிருக்கும் பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமி, கொடியில் காயும் டிராயரைப் பார்த்துவிட்டான். "இன்னா வாத்தியாரே, நேர்ச்சைக்கு மெத்தையா? வலிச்சாதான அது நேர்ச்ச?"
டிராயரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

21-8
அவன் சொன்னது சரியா? துணி வைக்காத டிராயரிலேயே போகட்டுமா? ஆனால் பாதி வழியில் இறங்கிவிட்டால்? பரீட்சை எழுத வந்த பிள்ளையை முள்மேல் உட்காரவைத்தால் விடை நன்றாக வருமா? வலியோடு வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. வருகிறேன் என்றுதான் சொன்னேன்.

29-8, செவ்வாய்
ஆரோக்கியசாமியோடு போய்ச் சேர்ந்தேன். ஒரு இடத்திலும் தள்ளவில்லை. சகாயமேரி பஸ்ஸில் வந்திருந்தாள். அத்தனை கூட்டத்தில் தூரத்திலிருந்தே அவள்தான் என்னைக் கண்டுபிடித்துக் கையசைத்தாள்.

31-8
ஆரோக்கியசாமி வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டேன். "பரவால்ல, நிக்கிறேன்." காபியும் நின்றபடியே. கிளம்பும்போது என்னைப் பார்க்காமல் சகாயமேரியிடம், "தங்கச்சி, எட்டாந்தேதி மாதா திருநாளுக்கும் சைக்கிள்ல வரேன்னு வாய உட்டுட்டேன். அதே மாதிரி எனக்கும் ஒண்ணு..."
சகாயமேரி ஊசிப் பெட்டியை எடுத்தாள். நூல் கோக்க என் பக்கம் திரும்பவே இல்லை.