மூன்றாம் கேட்டில் பதினோரு நிமிடம்

நவம்பர் 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை ஆபீசில். இன்றைய வேலை: புது சர்க்யூட் போர்டு பத்துக்கு டெஸ்ட், அம்மாவுக்கு போன், அறுந்த செருப்பு. மூன்றும் அப்படியே. இந்த வாரம் முழுக்க ஓ.டி., திரும்ப ஏழரை மணி பஸ்தான்.

காலை பஸ்ஸில் வேறு டிரைவர். ஏழுமலை அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மூன்று வருடமாக இருங்காட்டுக்கோட்டை ரூம்களிலிருந்து எங்களை ஒரகடம் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றிப் போகிறவர். குற்றம்: தினமும் சாயங்காலம் 5.40க்குப் பிறகு பதினோரு நிமிடம் பஸ்ஸை ஸ்கிராப் யார்டுக்குள் நிறுத்தி டீசல் உருவுகிறார். சாட்சி: பஸ்ஸில் இருக்கிற டிராக்கர்.

டிராக்கர் இதே வளாகத்தில் இருக்கிற எங்கள் கம்பெனி செய்தது. டெஸ்ட் பண்ணி "பாஸ்" போட்டுக் கையெழுத்திட்டது நான். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து அப்படியே மூடிவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை நின்றது. புழுக்கம். போன வார மேப்பை எடுத்துப் பார்த்தேன். 5.40க்குச் சற்று முன் பஸ் மூன்றாம் கேட்டுக்கு வந்து நிற்கிறது. பிறகு மெதுவாக மேற்கே நழுவி, கோடவுன் சுவருக்குள் புகுந்து, பின்னால் யார்டில் போய் நிற்கிறது. சுவருக்குள் பஸ் எப்படிப் போகும் என்று ஒரு புண்ணியவானும் கேட்கவில்லை.

அண்ணனுக்கு போன் போட்டேன். மணிமங்கலத்தில் வீட்டில் இருக்கிறார்.

"நான் இன்னாத்துக்குமா அந்த யார்டுக்குப் போறேன்? அங்க பாம்புதான் கீது. கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன்."

"சத்தியமாவாண்ணா?"

"நீயே இப்பிடிக் கேட்டா எப்பிடிமா?"

கேட்டிருக்கக் கூடாது.

நவம்பர் 12, புதன்

சாட்டிலைட் சிக்னல் பிடிக்கிற ரிசீவரை எடுத்துக்கொண்டு மூன்றாம் கேட்டில் இரண்டு மணி நேரம். செக்யூரிட்டி: "இன்னா மேடம், வானத்துல இன்னா தேடுற?" தேடியது கிடைத்தது. கிழக்கே பெயின்ட் ஷாப் ஷெட், அந்தப் பக்கத்து சாட்டிலைட்டுகளை மறைக்கிறது. அவற்றின் சிக்னல் மேற்கே கோடவுன் தகட்டில் மோதித் திரும்பி வருகிறது. சுற்றி வருவதால் தாமதம். தாமதமானால் தூரம் அதிகம் என்று டிராக்கர் கணக்குப் போடும். பஸ்ஸை மேற்கே தள்ளிவிடும்.

வண்டி திரும்பி வளைந்து ஓடினாலாவது நேராக வரும் அலைக்கும் மோதி வரும் அலைக்கும் டாப்ளர், அதாவது ஓட்டத்தால் அலைவரிசையில் வரும் மாற்றம், வேறு வேறாக இருக்கும், பிரித்துவிடலாம். நின்றால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். நிற்கிற வண்டிக்குத்தான் இந்தத் தண்டனை.

ஆனால் அதே டாப்ளர்தான் கைகொடுத்தது. வேகத்தை அதிலிருந்துதான் எடுக்கிறோம். பழைய பதிவுகளைத் திறந்தேன். பஸ் அறுபது மீட்டர் "போன" நேரம் முழுக்க வேகம் பூஜ்யம். அசையவே இல்லை!

நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை? டெஸ்ட் டிரைவ் எப்போதும் ஞாயிறு காலை, ஏரிக்கரை ரோட்டில். டிராஃபிக் இருக்காது, திரும்பும்போது டீ. எல்லோரும் அப்படித்தான். வானம் பூராவும் திறந்து கிடக்கிற இடத்தில் எது தப்பாகும்? ஷெட்டுக்கு நடுவில் ஓடப்போகிற சாமானை ஏரிக்கரையில் பார்த்து பாஸ் போட்டேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

நவம்பர் 13, வியாழன்

தலைவலி. என் மேனேஜர் சீனி சாரிடம் காட்டினேன்.

"ஏம்மா, நம்ம பொருள் தப்புன்னு நீயே எழுதித் தருவியா?"

"ஒருத்தர் வேலை சார்."

ஸ்க்ரீனில் பூஜ்யங்களைக் கடைசி வரை உருட்டிப் பார்த்தார். "சரி, எழுது. 'சுற்றுப்புறக் காரணம்'னு போடு."

போட்டேன். கடைசி வரி மட்டும் என் இஷ்டப்படி: "வண்டி யார்டுக்குள் செல்லவில்லை, மூன்றாம் கேட்டிலேயே தினமும் பதினோரு நிமிடம் அசையாமல் நின்றது." நல்ல வரி. மூன்று முறை படித்தேன். அண்ணனிடம் போனில் சொன்னதும், "நீ சொன்னா செரியாதான் இருக்கும்மா" என்றார். பின்னால் அவர் மனைவி யாரிடமோ சிரித்துப் பேசுகிற சத்தம். மூன்று நாளைக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 15, சனி

மறுபடி மழை. பஸ்களை நடத்துகிற டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கூப்பிட்டார்கள்.

"டீசல் எடுக்கல. ஒத்துக்கறோம் மேடம். ஆனா 5.40 பஸ்ஸ டெய்லி பதினோரு நிமிஷம் லேட்டா எடுத்துக்கீறாரே. உங்க ரிப்போர்ட்லயே கீது."

"லேடீஸ் செக்கிங்குக்கு ஒரே ஒரு செக்யூரிட்டி அக்கா சார். க்யூ முடிஞ்சு நாங்க வெளிய வரவே 5.50 ஆகுது. எங்களுக்காகத்தான் நின்னார்."

"டைம்னா டைம்தான் மேடம்."

அண்ணனை வேலையிலிருந்து எடுத்தாயிற்று. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பூதத்துக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அண்ணனிடம், "விசாரணையில ஏன்ணா காரணம் சொல்லல?" என்றேன்.

"உங்க பேரையெல்லாம் இன்னாத்துக்கு இழுக்கறது? லேட்டுனு உங்க மேல எய்திடுவானுங்க. வுடுமா."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "சாப்டீங்களாண்ணா" என்றேன். வெட்கமாக இருக்கிறது.

நவம்பர் 17, திங்கள்

வெயில். செருப்பு தைத்தாயிற்று. ஓ.டி. முடிந்தது, பழையபடி 5.40 பஸ். செக்கிங் க்யூவில் எனக்கு முன்னால் பதினாலு பேர். செக்யூரிட்டி அக்கா ஒவ்வொரு டிபன் பாக்ஸாகத் திறந்து மூடினாள். வெளியே வந்தபோது 5.51. கேட்டில் பஸ் இல்லை. ஈரத்தில் டயர் தடம் மட்டும்.

பக்கத்தில் ஒரு பெண்: "போன வாரம் பூரா இப்பிடித்தான்கா. நட, மெயின் ரோட்டுக்கு."

நடந்துகொண்டே போனில் மேப்பைத் திறந்தேன். சரியாக 5.40க்குக் கிளம்பியிருக்கிறது. மேற்கே ஒரு மீட்டர்கூட நழுவவில்லை.

சீனி சார் மெசேஜ்: "ட்ராக் இப்ப சுத்தமா வருது. வெரி குட். என்னம்மா சரி பண்ணின?"