மண் படிக்கப் போற மகளுக்கு

கண்ணு,

கால் பயிற்சிக்கு இன்னைக்கு நான் தனியாவே பஸ்ல போறேன். பின்னாலயே ஓடி வராதே. சாவி கீழ் வீட்டுல இருக்கு. குழம்புல உப்பு தூக்கல். நேத்துச் சண்டை போட்ட கோபம் கைக்கு வந்துடுச்சு.

காட்டு மண்ணை ஆராய்ஞ்சு டாக்டர் பட்டம் வாங்கு, நாலு வருஷச் செலவும் நாங்க பாத்துக்குறோம்னு அந்தத் தூரத்து யுனிவர்சிட்டில இருந்து வலியக் கூப்பிடுறாங்க. நீ என்னடான்னா, "அப்பாவை யார் பாத்துக்குவா?"ன்னு கேட்டுட்டு, வேண்டாம்னு எழுதப் பாக்குற. உன்னைப் பிரிஞ்சு இருக்க எனக்கு மட்டும் ஆசையா? ஆனா என்னைச் சாக்கு ஆக்காதே. இன்னைக்கே "வர்றேன்"னு பதில் அனுப்பு.

அப்பா

கைத்தடியை மறந்துட்டேன். தெருமுனை வரைக்கும் போயிட்டு, மூணு மாடியும் திரும்ப ஏறி வந்துதான் இதை எழுதுறேன். ஏறிட்டேன், பாத்துக்கோ.